பிரிண்ட்டின் பின்பக்கம்: லாஸ் ஏஞ்சலிஸ் நாட்குறிப்பு

முதல் நாள், ஞாயிறு

"அமெரிக்கா போய் ஒரு பழைய போட்டோகிராபரைத் தேடப் போகிறாயா? உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டுத்தான் தங்கை வழியனுப்பினாள். வேலை இல்லைதான். பணி ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. தம்பி மகள் இங்கே பாம்ஸ் என்கிற பகுதியில் குடியிருக்கிறாள். "அத்தை, ஒரு வாரமாவது வந்து இருங்கள்" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டேன். ஊர்ப்பெயருக்குத் தகுந்த மரங்கள் அவள் தெருவில் நான்குதான் நிற்கின்றன. நம்மூர்ப் பனைக்குத் தூரத்து உறவு, கொஞ்சம் ஒல்லி.

தேடி வந்தவரின் பெயர் ரூத் ஹேரியட் லூயிஸ். 1925 முதல் 1929 வரை எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தலைமை உருவப்பட நிழற்படக்காரர். வேலையில் சேரும்போது வயது 22. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களில் நட்சத்திரங்களைப் படமெடுக்கும் அந்த வேலையில் அப்போது இருந்த ஒரே பெண். நடிகை கிரெட்டா கார்போவின் பழைய படங்களை எங்காவது பார்த்திருந்தால், இவர் எடுத்த படத்தையும் பார்த்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயரைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், என் அப்பா கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர். சாய்மேசை, நடுவில் ஒரு சதுர ஓட்டை, ஓட்டையில் தேய்த்த கண்ணாடி, அதன் கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகடிவைக் கண்ணாடிமேல் வைத்து, மருந்து தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். கல்யாணப் பெண்ணின் கன்னத்து வடு நெகடிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பென்சில் கரி அடைத்தால் பிரிண்ட்டில் வடு இருக்காது. பென்சிலைப் பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து ஒன்றரை அங்குலத்துக்குக் கரியை வெளியே நீட்டி வைத்திருப்பார். நாங்கள் தொட்டால் முதுகில் ஒன்று விழும்.

ஊரில் பாதி வீட்டுக் கூடங்களில் அப்பாவின் வேலை மாட்டியிருந்தது. படத்தின் அடியில் ஸ்டுடியோ பெயர்தான் இருக்கும். அது ஞாயம்தான் என்று அவரே சொல்வார். எனக்கு மட்டும் ஆறாது.

இரண்டாம் நாள், திங்கள்

காலையில் ரயில். பாம்ஸிலிருந்து கல்வர் சிட்டி அடுத்த ஸ்டேஷன்தான். உட்கார்வதற்குள் இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து நடந்து வாஷிங்டன் பொலிவார்டு என்கிற சாலைக்குப் போனேன்.

எம்.ஜி.எம். இருந்த இடம் இப்போது சோனி பிக்சர்ஸ். 44 ஏக்கர். உள்ளே சுற்றிக் காட்ட டிக்கெட் உண்டு. முன்கூட்டியே வாங்கி வைக்காதது என் தப்பு. மதிலுக்கு மேலே ஒரு பெரிய வானவில் சிற்பம் எட்டிப் பார்க்கிறது. 2012-இல் வைத்தது, 94 அடி உயரமாம். நான் வந்தது வானவில்லுக்காக அல்ல. சாலையோரமாக வரிசையாக நிற்கும் வெள்ளைத் தூண்களுக்காக. தாமஸ் இன்ஸ் என்கிற தயாரிப்பாளர் 1915-வாக்கில் இந்த ஸ்டுடியோவைக் கட்டியபோது எழுந்த முகப்பு அது. பிறகு கோல்ட்வின் கம்பெனியின் கைக்குப் போய், 1924-இல் மூன்று கம்பெனிகள் சேர்ந்து எம்.ஜி.எம். ஆனது. உச்சியில் இலை இலையாகச் செதுக்கிய தூண்கள். உள்ளே போகிற நடிகைக்கு, தான் ரோமாபுரிக்குப் போகிறோம் என்று தோன்ற வேண்டும் போலிருக்கிறது. எதிர்ப்புறம் சாதாரணக் கடைகள்.

இந்த வாசல் வழியாகத்தான் 1925 கோடையில் அந்தப் பெண் வேலைக்கு வந்திருக்க வேண்டும்.

பிறந்தது 1903 ஜனவரியில், நியூயார்க்கில். இயற்பெயர் ரூத் கோல்ட்ஸ்டீன். அப்பா யூதக் கோயில் குரு. நியூஜெர்சியில் நியூ பிரன்ஸ்விக் என்கிற ஊரில், அப்பாவின் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு இசைக்கருவிக் கடைக்குள் 1922-இல் படமெடுக்கத் தொடங்கினார். வந்தவர்கள் வீட்டு மனிதர்களும் அப்பாவின் கோயிலுக்கு வரும் குடும்பங்களும்தான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோவும் முதலில் ஒரு சைக்கிள் கடைக்குள்தான் இருந்தது. மறைக்க ஒரு திரை, உட்கார ஒரு முக்காலி, வெளிச்சத்துக்கு வாசல். ஆரம்பிக்க அவ்வளவு போதும்.

கோல்ட்ஸ்டீன் போய், ரூத், ஹேரியட், லூயிஸ் என்று அடுக்கிய மூன்று பெயர்கள் வந்தன. கேட்டால் மூன்று பெண்களைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. அண்ணனும் அதே கோல்ட்ஸ்டீனைக் கழற்றிவிட்டு மார்க் சாண்ட்ரிச் ஆனார். 1930-களில் ஃபிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஜோடியின் நடனப் படங்களை இயக்கியவர். உறவுக்காரப் பெண் கார்மல் மையர்ஸ், அவரும் ஒரு யூத குருவின் மகள், அப்போதே ஹாலிவுட்டில் பெயர்பெற்ற நடிகை. ஆக, கதவைத் திறந்துவிட உள்ளே ஆள் இருந்தது. அதைச் சொல்வதால் குறைவு ஒன்றும் இல்லை. கதவு திறந்தபின் உள்ளே போய் என்ன செய்தார் என்பதுதான் பேச்சு.

தூண்களுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எம்.ஜி.எம்.மில் அவர் எடுத்தவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ நாலரை வருடம். வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 1,350 நாள். நாளைக்கு எழுபது எழுபத்தைந்து படம். கைபேசியில் எழுபது படம் கால்மணி நேரத்து வேலை. அவருடையது எட்டுக்குப் பத்து அங்குல நெகடிவ் போடும் பெட்டிக் கேமரா. ஒரு தட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு படம்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் எதிரே இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். கூர்மை பார்த்து, லென்ஸை மூடி, தட்டைச் செருகி, மறைப்பை உருவி, எடுத்து, மறைப்பைப் போட்டு, திருப்பி, மறுபடியும். எழுபது தடவை. இதற்கிடையில் எதிரே இருக்கிறவரிடம் பேச்சும் கொடுக்க வேண்டும். அவர் ஜான் கில்பர்ட்டாகவோ லில்லியன் கிஷ்ஷாகவோ இருப்பார், அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று கதவருகே ஒரு ஆள் நிற்பான்.

தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். "கை வலித்திருக்கும் அத்தை" என்றாள். அப்பாவும் அதைத்தான் சொல்வார், சினிமா ஸ்டில்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால்.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

லா சியனேகா சாலையில் ஆஸ்கர் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம். 105-ஆம் நம்பர் பஸ் வாசலருகே விட்டது. கட்டடத்தைப் பார்த்தால் நூலகம் என்று தோன்றாது, கோபுரமும் வளைவுகளுமாக ஸ்பெயின் நாட்டுத் தேவாலயம் மாதிரி இருக்கிறது. உண்மையில் இது 1928-இல் பெவர்லி ஹில்ஸுக்குக் குடிநீர் சுத்திகரிக்கக் கட்டிய நிலையம். 1991-இல்தான் நூலகம் குடிவந்தது. தண்ணீர் டேங்குக்கு இவ்வளவு அழகா என்று நம் குடிநீர் வாரியத்தை நினைத்துக்கொண்டேன்.

அடையாள அட்டையைக் காட்டினால் யாரும் படிக்கலாம், கட்டணம் இல்லை. படங்களைப் பார்க்க முன்னதாகவே எழுதி நேரம் வாங்கியிருந்தேன். பை, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாம் வெளியே. பென்சில் மட்டும் உள்ளே வரலாம். என் கைப்பையில் மூன்று பேனா இருந்தது, ஒரு பென்சில் இல்லை. டச்சிங்காரர் மகள்! மேசையிலிருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே ஒரு கட்டைப் பென்சிலைத் தந்தார்.

கையுறை மாட்டிக்கொண்டு முதல் உறையைத் திறந்தேன். கார்போ.

1925-இல் ஸ்வீடனிலிருந்து நியூயார்க்கில் வந்து இறங்கியபோது கார்போவை யாருக்கும் தெரியாது. அங்கே ஆர்னால்ட் கெந்தே என்கிற நிழற்படக்காரர் எடுத்த படங்கள்தான் முதலில் பேசவைத்தன. செப்டம்பரில் கலிபோர்னியா வந்தார், வயது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலம் ஓரிரு சொல். எதிரே கேமராவுக்குப் பின்னால் இருந்தவருக்கு இருபத்திரண்டு, அவரும் அந்த ஸ்டுடியோவுக்குப் புதிது. அப்போதிருந்து 1929 வரை கார்போவின் உருவப்படங்களில் பெரும்பகுதி லூயிஸ் எடுத்தவை. படத்துக்குப் படம் அந்த முகம் மாறிக்கொண்டே போவதை அடுக்கி வைத்துப் பார்க்கலாம். முதலில் சுருட்டிவிட்ட முடியும், வெளிநாட்டுக்காரி என்று காட்டும் ஆடைகளும் வருகின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. நகை போகிறது, பின்புலம் போகிறது, கையும் போய்க் கடைசியில் நெற்றி, கண், வாய் என்ற மூன்றும் இருட்டும் மட்டும் மிஞ்சுகின்றன.

என் கையிலிருந்த பிரிண்ட்டைச் சொல்கிறேன். கழுத்துவரை மூடிய கறுப்புக் காலர். முகம் லேசாக மேல்நோக்கி. பார்வை கேமராவின் பக்கவாட்டில் எங்கோ. வெளிச்சம் ஒரு கன்னத்தைத் தடவிவிட்டு மூக்கின் மறுபுறம் போய் நின்றுவிடுகிறது. கூர்மை கண்ணிமையில் இருக்கிறது, காதுக்குப் போகும்போது கரைகிறது. இந்த மென்மையைப் பார்த்துவிட்டுத்தான் பிற்காலத்தவர்கள் இவரைப் பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். நான் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். இமை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. கீழ் இமைக்கு அடியில் தோலின் சின்ன மடிப்பு அப்படியே விடப்பட்டிருக்கிறது. அப்பா இருந்தால் அங்கே பென்சில் வைத்திருப்பார், சந்தேகமே இல்லை. இங்கே வைக்கவில்லை. அந்த மடிப்பால்தான் இந்தப் பெண் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று நமக்குத் தெரிகிறது.

பிறகு திருப்பினேன். பின்பக்கம் ஒரு தனி உலகம். நடுவில் ரப்பர் முத்திரை: ரூத் ஹேரியட் லூயிஸ். அதன் கீழே ஸ்டுடியோவின் பெயர். தட்டச்சு செய்து ஒட்டிய காகிதத் துண்டு ஒன்று பழுப்பேறி உதிரக் காத்திருக்கிறது. எந்தப் படம், யார், எப்படி வர்ணிக்கலாம் என்று பத்திரிகைக்காரருக்குச் சொல்லும் துண்டு. யாரோ ஒரு பத்திரிகை ஆசிரியர் மெழுகுப் பென்சிலால் அகலம் குறித்துக் கோடு போட்டிருக்கிறார். ஒரு தேதி முத்திரை முக்கால்வாசி அழிந்துவிட்டது. முன்பக்கம் தேவதை, பின்பக்கம் தபால் ஆபீஸ்.

இந்தப் படங்களின் வேலையே அதுதான். படப்பிடிப்பில் காட்சி காட்சியாக எடுப்பது ஸ்டில்காரரின் வேலை. உருவப்படம் தனி. நட்சத்திரத்தை உடையோடு வரவழைத்து எடுத்து, பத்திரிகைகளுக்கு இலவசமாகக் கொடுத்து, ரசிகர் கடிதத்துக்குப் பதிலாக அனுப்பி, படம் வெளிவருமுன் முகத்தை ஊருக்குள் உலவவிட வேண்டும். பேச்சில்லாத காலம். கார்போவின் குரல் எப்படி இருக்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முகம்தான் மூலதனம், அந்த மூலதனத்தின் அச்சகம் லூயிஸ் கையில் இருந்தது.

பிற்பகலில் இன்னும் சில உறைகள். அன்னா மே வாங்கின் படம் ஒன்றில் அரைமணி நேரம் போய்விட்டது. 1927-இல் எம்.ஜி.எம். சீனக் கதை ஒன்றைப் படமாக்கியது. சீனக் கதாநாயகி வேடத்தில் நடித்தவர் ரெனே அடோரே என்கிற பிரெஞ்சுக்காரர், ஒப்பனையால் கண்ணை இழுத்துவிட்டு. லாஸ் ஏஞ்சலிஸிலேயே பிறந்து வளர்ந்த சீன அமெரிக்கர் அன்னா மே வாங்குக்குக் கிடைத்தது பக்க வேடம். ஸ்டுடியோவின் நியாயம் அப்படி. லூயிஸின் கேமரா முன்னால் வந்தபோது பக்கம் எது நடு எது என்ற பேச்சே இல்லை. அவர்தான் நடு. 1929-இல் கறுப்பினத்தவரை மட்டுமே வைத்து எடுத்த பேசும் படத்தின் நாயகி நீனா மே மெக்கின்னியை எடுத்தபோதும் அதே கவனம், அதே வெளிச்சம். பெரிய புரட்சி என்று இதைச் சொல்ல நான் தயாரில்லை. வேலைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் விளக்கைச் சரியாக வைக்க வேண்டும் என்று நினைத்த ஒருவரின் ஒழுங்கு என்று சொல்வேன். அந்த ஊரில் அதுவே அரிது.

நாலரைக்கு எழுந்தேன். கட்டைப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். மனசில்லை.

நான்காம் நாள், புதன்

மழை. பிப்ரவரி மழை இங்கே வழக்கம்தான் என்கிறார்கள், ஆனால் ஊரே ஏதோ ஆகாதது நடந்துவிட்டதுபோல் பதறுகிறது. வீட்டிலேயே இருந்தேன். தக்காளி ரசம் வைத்தேன், தம்பி மகள் அலுவலகத்தை வீட்டுக்குள்ளேயே நடத்திக்கொண்டு ரசத்தைக் கோப்பையில் குடித்தாள்.

நான் நேற்று எழுதியதைத் தங்கை படித்துவிட்டுப் போனில் கேட்டாள்: "அவ்வளவு நன்றாக எடுத்தவரை ஏன் வேலையிலிருந்து அனுப்பினார்கள்?"

வழக்கமாகச் சொல்லும் கதை இது. நடிகை நார்மா ஷியரர் எம்.ஜி.எம். தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்க்கின் மனைவி. விவாகரத்தான பெண்ணாக நடிக்க ஒரு கதை வந்தது. வேடம் கவர்ச்சியாக இருக்க வேண்டும், "உனக்கு அது பொருந்தாது" என்று கணவரே சொல்கிறார். அந்த நேரத்தில் சக நடிகர் ரமோன் நவாரோ, ஜார்ஜ் ஹரல் என்கிற இளைஞரிடம் எடுத்துக்கொண்ட படங்களைக் காட்டுகிறார். ஷியரர் ஹரலிடம் போய், தலைமுடி கலைந்து, உடை தோளிலிருந்து நழுவ, கேமராவை எதிர்த்துப் பார்க்கும் படங்களை எடுத்து வந்து கணவரின் மேசையில் வைக்கிறார். வேடம் கிடைக்கிறது, அதற்கு ஆஸ்கரும் கிடைக்கிறது. ஹரலை 1930-இன் தொடக்கத்தில் எம்.ஜி.எம். வேலைக்கு எடுக்கிறது. லூயிஸின் ஒப்பந்தம் 1929-உடன் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

கதை உண்மைதான். அதைச் சொல்கிற விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. இளம் வீரர் வந்தார், பழைய அம்மாளை வீழ்த்தினார் என்கிற தொனி. அந்த "அம்மாளுக்கு" அப்போது இருபத்தாறு வயது. வீரர் அவரைவிட ஒரே ஒரு வயது இளையவர்.

மாறியது காலம். 1927-க்குப் பிறகு சினிமா பேசத் தொடங்கிவிட்டது. கார்போகூட 1930-இல் பேசிவிட்டார். பேச்சில்லாப் படத்தில் முகம் மெதுவாகச் சொல்லும், பார்க்கிறவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். லூயிஸின் படங்களில் அந்தக் காத்திருப்பு இருக்கிறது. ஹரலின் படங்களில் காத்திருப்பு கிடையாது. கத்திபோல் வெளிச்சம், கருகரு நிழல், பளபளக்கும் தோல், பார்த்த நொடியில் அறை விழும். அதற்கான டச்சிங் வேலையும் அதிகம். நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகம் முழுக்கப் புள்ளிகள் நிறைந்தது, ஹரல் ஒப்பனையில்லாமலே எடுத்துவிடுவார், பிறகு டச்சிங்காரர் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாக அடைப்பார். அந்த நெகடிவ்களை நினைத்தால் எனக்கு ஹரல் ஞாபகம் வருவதில்லை. சாய்மேசையில் குனிந்திருந்தவரின் கழுத்து வலிதான் ஞாபகம் வருகிறது.

ஹரல் மேதைதான், மறுக்கவில்லை. அவர் படத்தை எங்கள் வீட்டில் மாட்டச் சொன்னால் மாட்டமாட்டேன். அவ்வளவுதான்.

கார்போவையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஷியரரும் கிராஃபோர்டும் ஹரல் பக்கம் போனார்கள், கார்போ போகவில்லை. ஸ்டில் பிரிவின் தலைவர் கிளாரன்ஸ் சின்க்ளேர் புல்லிடம் போனார். 1929-இலிருந்து அவர் நடிப்பை நிறுத்திய 1941 வரை பெரும்பாலும் புல்தான்.

மழை விட்டபின் தெருமுனை வரை நடந்தேன். நான்கு மரங்களும் நனைந்து நின்றன.

ஐந்தாம் நாள், வியாழன்

ஹாலிவுட், வைன் சாலைகள் சந்திக்கும் முனை. எம்.ஜி.எம்.மில் சேரும் முன் லூயிஸ் ஒரு சிறிய ஸ்டுடியோ போட்ட இடம் இந்தப் பக்கம்தான். இங்கிருந்தபோதுதான் விலமா பாங்கி என்கிற ஹங்கேரி நடிகையைப் படமெடுத்தார். 1925 செப்டம்பரில் ஒரு சினிமாப் பத்திரிகையில் அது வெளியானது. ஹாலிவுட்டில் அச்சேறிய அவருடைய முதல் படம் அது. அதற்குள் எம்.ஜி.எம். கூப்பிட்டுவிட்டது. கடை போட்ட சில மாதங்களில்!

சுரங்க ரயில் நிலையத்தின் கூரை முழுக்கக் காலி பிலிம் சுருள்கள். வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நூற்றுக்கணக்கில். அண்ணாந்து பார்த்தபடி நகரும் படிக்கட்டில் ஏறி, முன்னால் நின்றவர் காலை மிதித்துவிட்டேன். மேலே வந்தால் முனையில் டாஃப்ட் கட்டடம், 12 மாடி. அது மட்டும் லூயிஸ் வந்தபோதே நின்றது, அப்போது புத்தம் புதிதாக. சாப்ளினுக்கு அதில் அலுவலகம் இருந்திருக்கிறது. மற்ற உயரங்கள் எல்லாம் பிறகு எழுந்தவை.

நடைபாதையில் நட்சத்திரங்கள். வைன் சாலையில் கார்மல் மையர்ஸின் நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். மேலே ஒருவர் கைப்பெட்டியை வைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு பித்தளைச் சின்னம்: சினிமா கேமரா, டி.வி. பெட்டி, இசைத்தட்டு, மைக், நாடக முகமூடி. எத்துறையில் பெயர் பெற்றார் என்று அதுதான் சொல்லும். அசையாத படம் எடுக்கும் கேமராவுக்குச் சின்னமே வகுக்கவில்லை. அதாவது தேர்வில் தோற்றுப்போகவில்லை. அந்தப் பாடமே பாடத்திட்டத்தில் கிடையாது. நட்சத்திரங்களுக்குத் தரையில் இடம், அவர்களை நட்சத்திரமாக எடுத்தவர்களுக்குப் பிரிண்ட்டின் பின்பக்கம்.

வெயிலில் நின்று இப்படிப் புலம்பியதில் தலைவலி. ஒரு கடையில் காபி கேட்டேன், ஒரு செம்பு அளவுக்குக் கொடுத்தார்கள். பாதியைக் கொட்டினேன்.

ஆறாம் நாள், வெள்ளி

அகாடமியின் அருங்காட்சியகம், வில்ஷயர் சாலை. 1939-இல் கட்டிய பழைய துணிக்கடைக் கட்டடத்தில் 2021-இல் திறந்தது. பெரிது, அழகு, கூட்டம். கால் வலித்தது. மேல்மாடியிலிருந்து மலையும் ஹாலிவுட் எழுத்துகளும் தெரிந்தன.

மாலையில் கல்வர் சிட்டிக்கு மறுபடியும் போனேன், காரணம் சொல்லத் தெரியவில்லை. தூண்களுக்கு எதிர்ப் பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள். நின்றுகொண்டே மிச்சக் கதையை நினைத்துப் பார்த்தேன்.

எம்.ஜி.எம்.மை விட்ட பிறகு லூயிஸ் கொஞ்சம் எடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். கணவர் லீ ஜேசன், இயக்குநர். 1932-இல் ஒரு மகன் பிறந்தான். 1938-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தான். 1940 அக்டோபர் 12-ஆம் தேதி, பிரசவத்தில் ஏற்பட்ட சிக்கலில் லூயிஸும் குழந்தையும் போய்விட்டார்கள். அவருக்கு வயது 37.

ஹரலும் புல்லும் 1970-களிலும் உயிரோடு இருந்தார்கள். அப்போது ஜான் கோபால் போன்ற சேகரிப்பாளர்கள் பழைய ஹாலிவுட் படங்களைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்து, எடுத்தவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டார்கள். கண்காட்சிகள் நடந்தன, பெரிய பெரிய புத்தகங்கள் வந்தன. கதவைத் தட்டியபோது திறக்க அவர்கள் வீட்டில் இருந்தார்கள். லூயிஸ் வீட்டில் யார் திறப்பது? 2002-இல்தான் இரண்டு கலை வரலாற்று ஆய்வாளர்கள் அவரைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவற்றுள் அந்த ரப்பர் முத்திரையும் ஒன்றாக இருந்திருக்கும். ஸ்டுடியோ சம்பளக்காரருக்குத் தன் பெயரில் முத்திரை போட்டுக்கொள்ளத் தோன்றியதே, அதற்கு ஒரு கும்பிடு.

அப்பா எதிலும் பெயர் போட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் படங்களின் பின்னால் மட்டும் பென்சிலால் தேதியும் பெயரும் வயதும் எழுதி வைப்பார். "முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும், பின்பக்கம் எழுதாவிட்டால் அம்பது வருஷம் கழித்து யார் என்றே தெரியாது" என்பார். சின்ன எழுத்து, சாய்ந்த எழுத்து.

ஏழாம் நாள், சனி

பெட்டி கட்டியாயிற்று. இரவு விமானம்.

தம்பி மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் இருக்கிற படம் ஒன்று கேட்டேன், ஊரில் தம்பிக்குக் கொடுக்க. "அனுப்புகிறேன் அத்தை, போனில் இருக்கிறது" என்றாள். பிரிண்ட்டாக வேண்டும் என்றேன். பக்கத்து மருந்துக் கடையிலேயே போட்டுத் தருகிறார்கள், மருந்தோடு படமும். அரைமணி நேரத்தில் ஆறு படம், பளபளவென்று.

சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தது. குழந்தையின் பென்சில் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பெயரை எழுதப் பார்த்தேன். பிடிக்கவில்லை. இது காகிதமே இல்லை, பிளாஸ்டிக் பூச்சு. பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சாம்பல்நிறத் தடம்கூட விழவில்லை. மைப் பேனாவால் எழுதினேன், விரல் பட்டதும் ஈஷிக்கொண்டது. பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் குழந்தையின் நெற்றியில் கோடு தெரிந்தது.

"கவரில் எழுதிவிடுங்களேன் அத்தை" என்றாள்.

கவர் தொலைந்துபோகும். கடைசியில் படத்தின் ஓரத்தில், யாருடைய முகத்துக்கும் பின்னால் வராத இடமாகப் பார்த்து, பால்பாயிண்ட் பேனாவை லேசாகப் பிடித்து மூன்று பெயரையும் தேதியையும் எழுதினேன். காயும் வரை மின்விசிறியின் கீழே வைத்திருக்கிறேன். வண்டி ஏழு மணிக்கு வருகிறது.